ஹாரி ஏஞ்சல்மன்

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கே மெர்சி என்னும் ஆறு கடலொடு கலக்கின்றது. அதன் கழிமுகத்தில் ஒரு கரையில் லிவர்ப்பூல் மாநகரும், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்னும் ஊரும் அமைந்துள்ளன. கப்பல் கட்டும் தொழிலாற் பெயர்பெற்ற பர்க்கன்ஹெட்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஹாரி ஏஞ்சல்மன் பிறந்தார். இன்று உலகெங்குமுள்ள குழந்தை மருத்துவர்கள் அவர் பெயரை அறிவர். ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியில் அப்பெயர் அவர் பணியாற்றிய வட்டாரத்திற்கு அப்பால் மிகுதியாக வழங்கியதில்லை.

மருத்துவக் கல்வி முற்றிய ஏஞ்சல்மன், குழந்தை மருத்துவத்தையே தமக்குரிய துறையாகக் கொண்டார். லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே, அதே மெர்சி ஆற்றங்கரையில், வாரிங்டன் என்றொரு தொழில்நகரம் உளது. அந்நகரத்துப் பொது மருத்துவமனையில் அவர் குழந்தை மருத்துவ வல்லுநராக விளங்கினார். அது பெரும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடம் அன்று. ஊரார் தம் மக்களை நாடோறும் தூக்கிக்கொண்டு வரும் இடம். காய்ச்சலும் இருமலும் கண்ட குழந்தைகளுக்கு நடுவே, எந்த நூலிலும் பெயர் காணப்படாத நோயுடைய குழந்தையும் ஒரோவொருகால் அங்கு வருவதுண்டு. அத்தகைய குழந்தையைக் கண்டால், பெயர் தெரியாதென்று கைவிடாமல் கூர்ந்து நோக்கி மனத்திற் பதித்துக்கொள்வது அவர் இயல்பு.

வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று குழந்தைகள் அவருடைய பிரிவிற் சேர்க்கப்பட்டனர். மூவரும் வெவ்வேறு குறைகளுக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். முதற்பார்வையில் அவர்களுக்குள் ஒற்றுமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் ஏஞ்சல்மன் நோக்குந்தோறும் ஒப்புமை புலனாகிக்கொண்டே வந்தது. மூவருக்கும் அறிவு வளர்ச்சி மிகவும் பின்தங்கியிருந்தது. பேச்சு வரவில்லை. கைகால்கள் வெட்டி வெட்டி இழுப்பனபோல் அசைந்தன. நடை நேராக அமையவில்லை. வலிப்பு அடிக்கடி கண்டது. தலையின் பின்புறம் தட்டையாக இருந்தது; நாக்கு வெளியே நீண்டிருந்தது. இத்தனை துன்பத்துக்கும் இடையே அக்குழந்தைகள் சிரித்தனர். காரணம் இன்றியே, ஓயாமல், முகம் மலர்ந்து சிரித்தனர். பெற்ற தாய்க்கு அச்சிரிப்பு மகிழ்ச்சி தந்திருக்குமோ, துயரத்தை மிகுவித்திருக்குமோ, யார் சொல்ல வல்லார்!

மூவருக்கும் நோய்மூலம் ஒன்றே என்று ஏஞ்சல்மன் உள்ளத்திற் கருதினார். ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் கருவி அவரிடம் இல்லை. அக்காலத்தில் எவரிடமும் இல்லை. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் நாற்பத்தாறு என்பதே 1956-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. 1959-இல் பிரான்சு நாட்டு லெழேன், டவுன் நோய்க்குறி உடையாரிடம் ஒரு குரோமோசோம் மிகையாக இருத்தலைக் காட்டினார். முழுக் குரோமோசோம் ஒன்று மிகுவதையும் குறைவதையும் அக்காலத்து உருப்பெருக்கி காட்டும்; அதன் ஒரு சிறுதுண்டு உதிர்ந்திருப்பின் காட்டாது. ஏஞ்சல்மன் தமக்கு எட்டிய சோதனைகள் அனைத்தையும் செய்துபார்த்தார், விடை கிடைத்திலது. சான்று இல்லாத கருத்தை அச்சேற்றுவது மருத்துவ உலகில் நகைப்புக்கு இடமாகும். ஆதலின் எழுதத் தயங்கினார்.

ஏஞ்சல்மனுக்கு இத்தாலி நாட்டின்மீதும், இத்தாலி மொழியின்மீதும் பெரும் பற்று உண்டு. விடுமுறை ஒன்றில் அந்நாட்டுக்குச் சென்றவர், வெரோனா நகரில் காஸ்தெல்வேக்கியோ என்னும் பழங்கோட்டையில் அமைந்த காட்சிச்சாலையைப் பார்வையிட்டார். அங்கே கரோத்தோ என்னும் ஓவியர் பதினாறாம் நூற்றாண்டில் தீட்டிய படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. செந்நிறத் தலைமயிரையுடைய சிறுவன் ஒருவன், கையில் ஒரு தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பார்ப்போரை நோக்கி வாய்நிறையச் சிரிக்கின்றான். பாவையேந்திய சிறுவன் என்னும் பெயரால் ஏஞ்சல்மன் அப்படத்தை நினைவிற் கொண்டார். உண்மையில் அச்சிறுவன் கையிலிருப்பது பாவை அன்று. குழந்தை கிறுக்கிய மனித உருவம் வரைந்த தாளே. (இப்படமும் வேறு பதினாறு ஓவியங்களும் 2015-இல் அக்காட்சிச்சாலையிலிருந்து கொள்ளைபோய், மறு ஆண்டு உக்ரைன் நாட்டில் மீட்கப்பட்டன.) பாவையோ தாளோ, அந்தச் சிரிப்பு வாரிங்டன் குழந்தைகளின் சிரிப்பை அவருக்கு நினைவூட்டியது. அவர்களின் வெட்டியிழுக்கும் அசைவுகள் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் அசைவுகளாக அவர் மனக்கண்முன் தோன்றின. சிதறிக்கிடந்த மூவரையும் ஒரு கயிற்றிற் கோத்துக் காட்டும் பெயர் கிடைத்துவிட்டது. தயக்கம் நீங்கிற்று.

1965-ஆம் ஆண்டு, குழந்தை நரம்பியல் பற்றிய ஆங்கில இதழ் ஒன்றில், பாவைப் பிள்ளைகள் என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் கட்டுரை வெளிவந்தது. மூன்றே குழந்தைகளைப் பற்றிய சிறு கட்டுரை அது. காரணம் இன்னதென்று அதில் அவர் துணிந்து கூறவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதி, இவர்கள் ஒரு வகையினர் எனக் காட்டியதோடு நின்றார். அறியாததை அறிந்ததுபோல் எழுதாமையே அக்கட்டுரையின் பெருஞ்சிறப்பு எனலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். பின்வந்த மருத்துவர் சிலர் மகிழ்ச்சி என்னும் அடையையும் முன்சேர்த்து, மகிழ்பாவை நோய்க்குறி என்று வழங்கலாயினர். வலிப்பினால் துடிக்கும் மகனைப் பாவையென்றும், அதிலும் மகிழ்பாவையென்றும் பிறர் அழைக்கக் கேட்பது எந்தப் பெற்றோருக்கு உவப்பாகும்? அப்பெயர் பெற்றோர் எல்லாருக்கும் இனிக்கவில்லை என்பதை ஏஞ்சல்மனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1982-இல் அமெரிக்க நாட்டு மருத்துவர்களாகிய வில்லியம்சும் பிரியாசும் அதனை விலக்கி, ஏஞ்சல்மன் நோய்க்குறி என்று வழங்குமாறு எடுத்துரைத்தனர். அதுவே நிலைத்தது.

அதற்கு முன்னரோ கட்டுரை பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது. இந்நோய் பன்னீராயிரம் முதல் இருபதினாயிரம் பிறப்புக்கு ஒன்றாகத் தோன்றுவது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரு குழந்தையைக்கூடக் காணாமற் போகலாம். கண்டாலும் இனங்காணாமற் போகலாம். அந்த ஆண்டுகளில் இத்தகைய குழந்தைகள் பலர் வேறு பெயரிடப்பட்டோ, பெயரே இடப்படாமலோ வளர்ந்தனர்.

1980-களில் குரோமோசோம்களின் வரிகளை நுணுக்கமாகக் காணும் முறைகள் பெருகின. 1987-இல் அமெரிக்காவில் எலன் மெஜெனிசும் அவர் துணைவர்களும், இந்நோயுடைய குழந்தைகளிடம் பதினைந்தாம் குரோமோசோமின் ஒரு சிறுபகுதி இல்லாதிருத்தலைக் கண்டனர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் ஒருவர் கண்ணால் மட்டும் கண்டுகூறியதற்குச் சான்று கிடைத்தது. ஆனால் சான்றோடு ஒரு புதிரும் வந்தது.

அதே குரோமோசோமின் அதே பகுதி இழக்கப்படுவதால் தோன்றும் மற்றொரு நோய் முன்னமே அறியப்பட்டிருந்தது. 1956-இல் சூரிச் நகர மருத்துவர்கள் கண்டுரைத்த பிராடர்-வில்லி நோய்க்குறி அது. அந்நோயுடைய குழந்தைகள் பிறக்கும்போது தசை தளர்ந்து பால் குடிக்கவும் வலியற்றிருப்பர். சில ஆண்டுகளுக்குப்பின் தணியாத பசி கொண்டு உடல் பெருப்பர். ஏஞ்சல்மன் கண்ட குழந்தைகளுக்கோ அவ்வியல்பு இல்லை. இழந்தது ஒன்று, விளைந்த நோய் இரண்டு. இஃது எங்ஙனம்? 1989-இல் விடை தெளிந்தது. தந்தை வழி வந்த குரோமோசோமில் அப்பகுதி அழிந்தால் முதற்கூறிய பசிநோய். தாய் வழி வந்ததில் அழிந்தால் ஏஞ்சல்மன் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு மரபணுவிலும் ஒவ்வொரு படி பெறுகின்றோம். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பதே பொதுவிதி. இங்கே அவ்விதி பொய்த்தது. தாய்வழிப் படி அழிந்தபோது தந்தைவழிப் படி முன்வந்து உதவவில்லை. பழுதில்லாத அப்படி ஏன் வாளா இருந்தது? நோயின் வேர் அந்த வினாவில் இருந்தது.

அதன் விடையை ஏஞ்சல்மன் காணவில்லை. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், தம் எண்பத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, அவர் காலமானார். மறு ஆண்டு சனவரித் திங்களில், இருவேறு ஆய்வுக் குழுவினர் நோய்க்குரிய மரபணுவை இன்னதென்று வெளியிட்டனர்.

யூ.பி.இ.3ஏ என்பது அம்மரபணுவின் பெயர். உயிரணுவில் நாள்தோறும் புரதங்கள் உண்டாகின்றன. பழையன கழிதல் வேண்டும். கழிக்கத்தக்க புரதம் இது என்று அடையாளமிடும் பணியாளர் பலருள் ஒருவனை உண்டாக்குவதே யூ.பி.இ.3ஏ மரபணுவின் வேலை. அப்பணியாளன் மூளையின் நரம்பணுக்களில் இல்லாதொழிந்தால், அணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் முறை சீர்கெடுகின்றது. உடலின் பிற உறுப்புகளில் தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் ஒருங்கே வேலை செய்கின்றன. நரம்பணுக்களில் மட்டும் தந்தைவழிப் படி வாய்மூடிக் கிடக்கின்றது. அதனை வாய்மூடச் செய்வது எது?

மரபணு வேலை செய்யும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மரபணுக்கள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இரட்டை இழையில் எழுதப்பட்ட சுவடிகள் போல்வன. மூலச்சுவடியை வெளியே எடுத்துச் செல்லுதல் இல்லை. நொதி ஒன்று இழையின்மேல் ஊர்ந்து சென்று ஆர்.என்.ஏ. என்னும் படியை எடுக்கும். அப்படியைப் பார்த்துப் புரதம் செய்யப்படும். இரட்டை இழையுள் ஒன்றைப் பார்த்து எடுத்த படியே பொருள்தரும் படி. அதே இடத்தில் எதிர் இழையைப் பார்த்து எதிர்த்திசையில் ஒரு படி எடுத்தால், அதன் எழுத்துகள் முன்னதன் எழுத்துகளுக்கு நேர் இணையாக அமையும். அதிலிருந்து அந்தப் புரதம் பிறவாது. இதனை அறிவியலார் ஆண்டிசென்ஸ் ஆர்.என்.ஏ. என்பர்; தமிழில் எதிர்ப்படி எனலாம். பாக்டீரியங்களில் இத்தகைய எதிர்ப்படிகள் தடையாக நின்று பணிபுரிதல் 1981-இலேயே அறியப்பட்டது. பிற்காலத்தில் மனித உடலிலும், அதிலும் நரம்பு மண்டலத்தில், இவை பலவாகக் காணப்பட்டன.

1998-இல் யூ.பி.இ.3ஏ மரபணுவுக்கும் ஓர் எதிர்ப்படி உண்டென்பதும், அது தந்தைவழிக் குரோமோசோமிலிருந்தே எடுக்கப்படுகின்றது என்பதும் வெளியாயின. 2001-இல் செருமானிய ஆய்வாளர் அதன் நீளத்தை ஆராய்ந்து, நான்கு இலட்சம் எழுத்துகளுக்கும் மேற்பட்டது எனக் கண்டனர். அது யூ.பி.இ.3ஏ மரபணுவின் அருகில் தொடங்குவது அன்று. நெடுந்தொலைவில் வேறொரு மரபணுவின் வாயிலிலிருந்து புறப்பட்டு, வழியிலுள்ளவற்றையெல்லாம் கடந்து, யூ.பி.இ.3ஏ மரபணுவின் உள்ளே எதிர்முகமாக நுழைகின்றது. ஒற்றையடி வரப்பில் எதிரெதிரே இருவர் வந்தால் இருவரும் செல்ல இயலுமோ? பொருள்தரும் படியை எடுக்கும் நொதி ஒருபுறமிருந்து வர, எதிர்ப்படியை எடுக்கும் நொதி மறுபுறமிருந்து வருகின்றது. முன்னது தன் பணியை முடிக்க இயலாமல் நடுவழியில் நின்றுபோகின்றது. தந்தைவழி யூ.பி.இ.3ஏ அடங்கிக்கிடப்பதன் காரணம் இவ்வாறே விளக்கப்படுகின்றது.

தாய்வழிக் குரோமோசோமில் இவ்வாறு நிகழாமை ஏன் எனின், அங்கே எதிர்ப்படி தொடங்கும் வாயிலில் மெதில் என்னும் இரசாயன முத்திரை இடப்பட்டிருக்கின்றது. வாயில் மூடியிருத்தலால் எதிர்ப்படி புறப்படுவதே இல்லை. தாய்வழி மரபணு தடையின்றிப் படியெடுக்கப்படுகின்றது. ஏனைய உறுப்புகளின் உயிரணுக்களிலோ, தந்தைவழி எதிர்ப்படி புறப்பட்டாலும் யூ.பி.இ.3ஏ வரை வந்து சேராமல் இடையிலேயே முடிந்துவிடுகின்றது. நரம்பணுவில் மட்டும் அது முழுத்தொலைவும் செல்கின்றது. நலமுடையார் அனைவர் மூளையிலும் இதுவே நிகழ்கின்றது. இதனால் அவர்க்குத் தீங்கில்லை, தாய்வழிப் படி ஒன்றே போதும். அந்த ஒன்றும் பழுதுற்றால்தான் இடர். நோயுற்றாருள் நூற்றுக்கு எழுபதின்மர் அளவினர்க்குத் தாய்வழிக் குரோமோசோமின் துண்டே இல்லை. ஏனையோர்க்கு மரபணுவில் எழுத்துப்பிழை முதலிய வேறு காரணங்கள் உள.

வாரிங்டன் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் போன்றோரின் நரம்பணுக்களில் நல்ல படி ஒன்று தந்தையிடமிருந்து வந்து கெடாமல் இருக்கின்றது என்பதே இதனாற் பெறப்படும் அரிய செய்தி. இல்லாததைப் புதிதாகப் படைத்தல் வேண்டா. இருப்பதன் வாயைத் திறந்தாற் போதும். 2011-இல் வடகரோலினாப் பல்கலைக்கழகத்தார் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப்பொருள்களை எலியின் நரம்பணுக்களில் ஒவ்வொன்றாகச் சோதித்து, புற்றுநோய்க்கு வழங்கும் டோபோடெக்கான் என்னும் மருந்து தந்தைவழிப் படியை விழிக்கச் செய்தல் கண்டனர். ஆனால் அது வேறு மரபணுக்கள் பலவற்றையும் தாக்கும் கடுமருந்து.

வேறொரு வழியும் இருந்தது. 1978-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் சமெக்னிக்கும் ஸ்டீபன்சனும், செயற்கையாகச் செய்த ஒரு சிறு எதிர்ப்படித் துண்டினால் வைரசு ஒன்றன் பெருக்கத்தைத் தடுத்துக் காட்டியிருந்தனர். அம்முறையே வளர்ந்து, தண்டுவட நரம்பணுக்கள் நலியும் குழந்தைநோய் ஒன்றுக்கு நுசினெர்சன் என்னும் மருந்தாகி, 2016-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. முதுகுத்தண்டின் நீரிற் செலுத்தப்படும் மருந்து அது. அதனைப் போன்றே, யூ.பி.இ.3ஏ மரபணுவை அடக்கும் எதிர்ப்படிக்கே ஓர் எதிர்ப்படித் துண்டு செய்தால் என்ன? முள்ளை முள்ளால் எடுப்பது போன்றதே இது. அச்சிறு துண்டு நீண்ட எதிர்ப்படியோடு இணையும். இணைந்த இடத்தை உயிரணுவின் நொதியொன்று வெட்டும். 2015-இல் ஹூஸ்டன் நகர ஆய்வாளரும் அவர் துணைவரும் எலிகளில் இதனைச் செய்தபோது, எதிர்ப்படி குறைந்தது. அடங்கியிருந்த தந்தைவழி மரபணு வேலை செய்யலாயிற்று. எலிகளின் நினைவாற்றற் குறை ஓரளவு நீங்கிற்று. குறைகள் அனைத்தும் நீங்கவில்லை. மரபணுவை இளம்பருவத்திலேயே திறந்தால் பயன் மிகுதி, முதிர்ந்தபின் திறந்தால் குறைவு என்பதும் அவ்வாண்டில் வெளியான வேறோர் எலியாய்விற் புலனாயிற்று.

2020-ஆம் ஆண்டில் இத்தகைய மருந்து முதன்முதலாக ஏஞ்சல்மன் நோயுடைய குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. தொடக்கமே சோதனையாக அமைந்தது. மருந்து பெற்ற ஐந்து பேருக்குக் கால்கள் வலியிழந்தன. ஆய்வு உடனே நிறுத்தப்பட்டது. நல்வாய்ப்பாக அத்தளர்ச்சி பின்னர் நீங்கிற்று. மருந்தின் அளவும் செலுத்தும் முறையும் மாற்றப்பட்டு, ஆய்வு மீண்டும் நடைபெற்றது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய அளவிலான மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கிற்று. அதிற் சேர்ந்த குழந்தைகளுள் ஒரு பகுதியினர்க்கு மருந்தும், மற்றொரு பகுதியினர்க்கு மருந்தின்றிச் செலுத்துவதுபோன்ற செய்கை மட்டும் நிகழும். தம் பிள்ளை எப்பகுதியைச் சேர்ந்தது என்பதை ஆய்வு முடியுங்காறும் பெற்றோர் அறியார்.